குளக்கட்டில ஏறினால்தான் கோல் வரும்

எங்கட கூட்டத்தில இருக்கிற ஒரு நண்பனுக்கு, கொழும்பில இருந்து வீட்டுக்குக் கோல் எடுக்க ஒரு நேரம் இருக்கு. பின்னேரம் ஐந்தரை மணி. அந்த நேரத்திலதான் அவன்ர அப்பா வயலால திரும்பி வரேக்க குளக்கட்டில மோட்டார்சைக்கிளை நிப்பாட்டுவார். கட்டில நிண்டால் போனில இரண்டு கட்டம் வரும். கட்டை விட்டு இறங்கினால் போன் செத்துப்போகும். வீட்டு முற்றத்தில ஒரு கட்டம் வரும், பிறகு போகும், திரும்ப வரும். "தம்பி, கேக்குதோ? கேக்குதோ?" என்றதிலேயே முதல் இரண்டு நிமிசம் முடிஞ்சிடும்.

ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்பகுதியில ஒரு கமக்காரக் கிராமம். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அது அந்த ஒரு ஊரின் பிரச்சினையாகச் சுருங்கிப்போகும். வன்னியில, மன்னாரின் உட்பக்கத்தில, மட்டக்களப்பின் படுவான்கரையில, மலையகத் தோட்டங்களின் கடைசி லயங்களில இதை வாசிக்கிற ஆட்களுக்கு அது தங்கட ஊர் மாதிரியே இருக்கும்.

போன பெரும்போகத்தில ஒரு இரவு யானை வந்தது. நண்பனின் அப்பா ஒரு காவல் கொட்டிலில, பக்கத்து வயல்காரர் முந்நூறு மீற்றர் தள்ளி இன்னொரு கொட்டிலில. இருவரிடமும் போன் இருந்தது. இருவரின் போனிலும் காசு இருந்தது. கோல் மட்டும் போகவில்லை. பக்கத்து வயல்காரர் இருட்டுக்குள்ள குளக்கட்டு வரைக்கும் ஓடிப்போய்த்தான் ஊருக்குள்ள ஆட்களை எழுப்பினார். யானை வெடியோடு ஆட்கள் வரேக்க அரை ஏக்கருக்கு மேல மிதிபட்டுப் போச்சு. "ஆளுக்கு ஒண்டும் ஆகேல்லைத்தானே, நெல்லுத்தானே போனது" என்று அப்பா சொன்னாராம். யானை நிக்கிற வெளியில, இருட்டில, சிக்னல் தேடி ஒரு மனுசன் ஓடியிருக்கிறார். அடுத்த முறையும் ஆளுக்கு ஒண்டும் ஆகாது என்று யாரால சொல்ல முடியும்?

இந்த ஊர் கம்பனிகளின் வரைபடத்தில நிறம் பூசப்பட்டுத்தான் இருக்கு. அதாவது அங்க சேவை இருக்கு. நாங்கள் முதலில இதைப் பொய் என்றுதான் நினைச்சம். பிறகு கொஞ்சம் தேடி வாசிக்க, விசயம் பொய்யை விடச் சிக்கலானது என்று விளங்கிச்சு.

ரவரில இருந்து வரும் அலை பலமானது. போனில இருந்து திரும்பிப் போற அலை பலவீனமானது, ஏனென்றால் போனின் பற்றரி சின்னது. அதால ரவர் சொல்லுறது போனுக்குக் கேட்கும், போன் சொல்லுறது ரவருக்குக் கேட்காது. திரையில ஒரு கட்டம் காட்டும், கோல் போகாது. இதற்கு மேல, அலைவரிசை கூடக்கூட அலை போற தூரம் குறையும். 900 மெகாஹேர்ட்ஸ் அலை காட்டையும் தோப்பையும் ஓரளவு தாண்டிப் போகும். வேகமான டேற்றாவுக்குப் பயன்படுத்தும் 1800, 2600 போன்ற உயர்ந்த அலைவரிசைகள் அவ்வளவு தூரம் போகாது. வயல் எப்பவும் பள்ளத்தில இருக்கும், குளத்துக்குக் கீழதானே வயல். இடையில குளக்கட்டு ஒரு மண்சுவர் மாதிரி நிக்கும். கட்டில ஏறினால் ரவர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் போனுக்குத் தெரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. சனத்தொகையில இத்தனை வீதத்துக்குச் சேவை கிடைக்குது என்றுதான் அறிக்கைகள் வழமையாகச் சொல்லும். சனத்தொகை என்றால் ஆட்கள் படுத்தெழும்புற இடம். கமக்காரன் பகல் முழுக்க நிக்கிற இடம் அந்தக் கணக்கில வராது. யானை வரும் மாதங்களில இரவு முழுக்க நிக்கிற இடமும் வராது. நகரத்தில வேலை செய்யும் ஒருவருக்கு வீட்டில சிக்னல், கந்தோரில சிக்னல், பஸ்ஸில சிக்னல். கமக்காரனின் கந்தோர் வயல். அங்க சிக்னல் இருக்கோ என்று கேட்க ஆளில்லை.

கம்பனி பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் என்று எழுதிவிட்டுப் போவது சுகம். ஒரு ரவர் கட்டக் காசு, மின்சாரம் கொண்டுபோகக் காசு, ஜெனரேற்றருக்கு டீசல், பற்றரி, காவல். நாற்பது குடும்பம் மாதம் ஆளுக்கு முந்நூறு ரூபாய் ரீலோட் போட்டால் அந்தச் செலவு எந்தக் காலத்திலும் திரும்பி வராது. இலாபக் கணக்கை மட்டும் பார்த்தால் அங்க ரவர் கட்டாமல் விடுறதுதான் சரி. எங்கட கேள்வி அந்தக் கணக்கை மட்டுமா பார்க்க வேண்டும் என்றது. இதே கேள்வி நூறு வருசத்துக்கு முன்னர் வேற ஒரு நாட்டில எழுந்திருக்கு. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுறம், ஏனென்றால் அதில எங்களுக்குத் தேவையான எல்லாத் தவறுகளும் இருக்கு.

1876இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை எடுத்தார். அடுத்த பதினேழு வருசம் அமெரிக்காவில தொலைபேசி என்றால் பெல் கம்பனி. அது நகரங்களில, கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கம்பி இழுத்தது. ஒரு மைலுக்கு இரண்டு வீடு இருக்கிற பண்ணைப் பக்கம் அதற்கு அக்கறை இல்லை. 1893, 1894இல் முக்கியமான காப்புரிமைகள் காலாவதியாக, யாரும் கருவி செய்து விற்கலாம் என்ற நிலை வந்தது. விவசாயிகள் கருவியைத் தபாலில வரவழைச்சார்கள். கம்பிக்கு என்ன செய்யிறது? கம்பி ஏற்கெனவே இருந்தது. மாட்டுக்கு அடைச்ச முட்கம்பி வேலி பண்ணைக்குப் பண்ணை மைல்கணக்கில போனது. அதிலயே கருவியைக் கொளுவிக் கதைச்சார்கள்.

முட்கம்பி என்றால் எங்களுக்கு வேற ஞாபகங்கள்தான் வரும். அதில குரல் போன காலமும் ஒன்று இருந்திருக்கு என்று வாசிக்கேக்க கொஞ்ச நேரம் மேல வாசிக்காமல் இருந்தம்.

மழை பெய்தால் வேலித் தூண் நனைஞ்சு மின்சாரம் மண்ணுக்குள்ள இறங்கிவிடும், குரல் கேட்காது. அதுக்குக் கம்பியைத் தூணில படாமல் பிடிக்கப் போத்தல் கழுத்து, தோல்துண்டு, சோளப்பொத்தி என்று கையில கிடைச்சதையெல்லாம் பாவிச்சிருக்கிறார்கள். பிறகு பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து சங்கம் மாதிரி வைத்து, தாங்களே கம்பம் நட்டு, ஒரே கம்பியில எல்லா வீட்டையும் இணைச்சார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணி: இரண்டு நீளம் ஒரு குட்டை என்றால் உங்களுக்கு, ஒரு நீளம் மூன்று குட்டை என்றால் அடுத்த வீட்டுக்கு. யாருக்கு மணி அடிச்சாலும் எல்லாரும் எடுத்துக் கேட்பார்கள். ஒட்டுக்கேட்கிற ஆட்கள் கூடக்கூட மின்சாரம் பங்குபட்டுக் குரல் மெலியும், கதைக்கிறவர் "எல்லாரும் வையுங்கோ" என்று கத்த வேண்டி வரும். எங்கட ஊரில இது இருந்திருந்தால் ஒருவரும் வைத்திருக்க மாட்டார்கள் என்றதில எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் அதே கம்பியில எல்லாருக்கும் சேர்த்து ஒரு மணியும் இருந்தது. அது அடிச்சால் நெருப்பு, புயல், அல்லது சந்தை விலை. வானிலை அறிவிப்பு அந்த மணியால வந்தது. ஒரு தட்டில நெல்லுவிலை, மழை, ஆபத்து மூன்றும் வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கோ.

1920 விவசாயக் கணக்கெடுப்பில அமெரிக்கப் பண்ணைகளில 38.7 வீதத்தில தொலைபேசி இருந்தது. மின்சாரம் இருந்த பண்ணைகளை விட அது எத்தனையோ மடங்கு அதிகம். இது விவசாயிகள் தாங்களே கட்டினதன் வெற்றி. இத்தோடு கதையை நிப்பாட்டினால் சுயமுயற்சி பற்றி ஒரு நல்ல பேச்சுப் போட்டித் தலைப்பு கிடைக்கும். ஆனால் 1940இல அது 25 வீதமாகக் குறைஞ்சு போச்சு. இருபது வருசம் கழிச்சு, தொழில்நுட்பம் வளர்ந்த பிறகு, தொலைபேசி இருந்த வீடுகளில இல்லாமல் போனது.

ஏன்? விளைபொருள் விலை விழுந்தது, பிறகு 1930களின் பெருமந்தம். சந்தா கட்டக் காசில்லை. கம்பி துருப்பிடிச்சது, கம்பம் உக்கினது, பழுது பார்க்கத் தெரிஞ்ச ஆள் வயசாகிப் போனார். இன்னொன்று கேட்டால் சிரிப்பும் வரும், கோபமும் வரும்: கிராமத்துக்கு மின்சாரம் வந்தது. ஒற்றைக் கம்பியும் மண்ணும் சேர்ந்து வேலை செய்த பழைய தொலைபேசி இணைப்புகளுக்குப் பக்கத்தில மின்கம்பி போக, தொலைபேசியில 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஏறிக் குரலே கேட்காமல் போன இடங்கள் நிறைய. ஒரு வசதி வந்து இன்னொரு வசதியைக் கொன்றது, இரண்டையும் சேர்த்து யோசிக்க ஒருவரும் இருக்கவில்லை.

அந்த மின்சாரமும் சும்மா வரவில்லை. 1935இல் கிராமிய மின்சார நிர்வாகம் என்று ஒன்றை ரூஸ்வெல்ற் அரசு தொடங்கி, கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைந்த வட்டியில கடன் கொடுத்துத்தான் வந்தது. அதே வழியில தொலைபேசிக்கும் கடன் வேண்டும் என்று கேட்டு, பல வருச இழுபறிக்குப் பிறகு 1949 ஒக்ரோபரில ட்ரூமன் கையெழுத்து வைத்தார். 2 வீத வட்டி, 35 வருசம் வரைக்கும் தவணை. கம்பனிக்கும் கொடுத்தார்கள், விவசாயிகளின் கூட்டுறவுக்கும் கொடுத்தார்கள். காசை விட முக்கியமானது அதோடு வந்த நிபந்தனை. கடன் எடுக்கிறவர் பாதையோரத்து வீடுகளை மட்டும் பொறுக்கி எடுக்க ஏலாது. அந்தப் பிரதேசம் முழுக்க, கடைசிப் பண்ணை வரைக்கும் சேவை கொடுக்கத் திட்டம் காட்ட வேண்டும். அந்தக் கூட்டுறவுகளில பல இன்றைக்கும் இருக்கு, இப்ப அவை பண்ணைகளுக்கு ஃபைபர் இழுக்கின்றன.

எங்கட பக்கம் வருவம்.

வடக்கில ஒரு தலைமுறை தொலைபேசி இல்லாமலே வளர்ந்தது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. வெளிநாட்டில இருக்கிற பிள்ளையோடு கதைக்க வவுனியாவுக்கு வந்து, பாஸ் எடுத்து, 'கொமினிகேசன்' கடை வாசலில மணிக்கணக்கில குந்தியிருந்த கதை எங்கட அம்மாக்களிடம் கேட்டால் சொல்லுவார்கள். கதைச்சது ஐந்து நிமிசம், அதில மூன்று நிமிசம் அழுகை. தெற்கில நிலைமை வேற. 2005க்குப் பிறகு கம்பியில்லாத சீடிஎம்ஏ போன் வந்து, கூரையில அன்ரெனா வைத்த வீட்டுப் போன் கிராமங்களுக்குள்ள போனது. நாடு முழுக்க 2005இல் 12 இலட்சம் அளவில இருந்த நிலையான இணைப்புகள் 2008 முடியேக்க 34 இலட்சத்தைத் தாண்டின. அந்த மூன்று வருசமும் வன்னியில என்ன நடந்தது என்று நாங்கள் எழுதத் தேவையில்லை. 2006 ஓகஸ்டில ஏ9 மூடப்பட்டது. நாட்டின் மற்றக் கிராமங்களுக்குப் போன் வந்த அதே காலத்தில எங்கட கிராமங்களில பாதையே இல்லை.

2009க்குப் பிறகு ரவர்கள் வந்தன, வேகமாகவே வந்தன. பாதையோரமாக வந்தன. நெடுஞ்சாலையில போறவருக்கு முழுச் சிக்னல், உள்ளே ஏழு கிலோமீற்றர் போனால் குளக்கட்டு. இன்றைக்கு இலங்கையில ஆட்களை விட சிம் அதிகம். அதைக் கேட்டால் எல்லாம் முடிஞ்ச மாதிரித்தான் தெரியும். ஒரு ஆள் இரண்டு சிம் வைத்திருக்கிறதுக்கு ஒரு காரணம், ஒன்றுக்குச் சிக்னல் இல்லாத இடத்தில மற்றது வேலை செய்யும் என்ற நம்பிக்கை. நண்பனின் அப்பாவிடமும் இரண்டு சிம் இருக்கு.

2021இல் பாடசாலைகள் மூடிக்கிடந்த நேரம், சிக்னலுக்காகப் பிள்ளைகள் மலைப்பாறையில ஏறியிருந்து படிச்ச படங்கள் பத்திரிகைகளில வந்தன. எல்லாரும் பகிர்ந்தார்கள், நாங்களும் பகிர்ந்தம். பிள்ளைகள் பாறையால இறங்கின பிறகு அந்தக் கதையும் இறங்கிப்போச்சு. அவர்களின் அப்பா அம்மா அதே பாறைக்கு இப்பவும் ஏறுகிறார்கள், அவர்களைப் படம் எடுக்க யாரும் வரவில்லை.

சரி, சிக்னல் வந்தால் கமக்காரனுக்கு என்ன கிடைக்கும்? விலை தெரியும் என்றுதான் முதல் பதில் வரும். அதில உண்மை இருக்கு. கேரளத்தில 1997இல் இருந்து 2001 வரைக்கும் கரையோரத்துக்குக் கைபேசி வந்த நேரம், மத்தி மீன் பிடிச்ச தொழிலாளர்களைப் பற்றி ரொபேட் ஜென்சன் என்ற பொருளியலாளர் செய்த ஆய்வு ஒன்று பிரபலமானது. கடலில நிண்டே எந்தத் துறையில விலை கூட என்று கேட்டு அங்க போகத் தொடங்க, மீன் வீணாகிறது நின்றது, தொழிலாளியின் இலாபம் 8 வீதம் கூடினது, வாங்குகிறவருக்கு விலை 4 வீதம் குறைஞ்சது. இரண்டு பக்கமும் நன்மை. எங்கட நாட்டிலும் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் விவசாயிகளைப் பற்றி லேர்ன்ஏசியா நிறுவனம் ஆய்வு செய்தது. விதை எங்க, உரம் எங்க, விலை என்ன, யார் வாங்குவார் என்று அலையிறது போன்ற கொடுக்கல்வாங்கல் செலவு மட்டும் மொத்தச் செலவில 15 வீதம் அளவில என்று அதில வந்தது. ஒரு லாண்ட்மாஸ்டர் பெட்டி நிறையக் கத்தரிக்காயோடு போய், விலை இல்லை என்று கேட்டு, திருப்பிக் கொண்டுவர எண்ணெய்க் காசும் இல்லாமல் நிண்ட ஆட்களுக்கு அந்த 15 வீதம் விளங்கும்.

ஆனால் இதில ஒரு இடத்தில நாங்கள் நிதானமாக இருக்க வேண்டும். மத்தி மீன்காரருக்கு வள்ளத்தைத் திருப்ப முடிஞ்சது. எங்கட கமக்காரர் பலருக்கு அது முடியாது. போகத் தொடக்கத்தில விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் காசு கொடுத்தவர் வியாபாரி. அறுவடை அவருக்குத்தான் போக வேண்டும், அவர் சொல்லுற விலைக்கு. தம்புள்ளையில கிலோ என்ன விலை என்று போனில பார்த்து என்ன செய்யிறது? யாழ்ப்பாணச் சந்தைகளில நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழிவு என்று எடுக்கிற வழக்கத்துக்கு எதிராக எத்தனை முறை கதைச்சாயிற்று. அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், தெரியாமல் நடக்கிற ஒன்று இல்லை. எங்களில ஒருவர் இந்தக் கட்டுரையை எழுதேக்கயே கேட்டார்: "கடனைத் தீர்க்காமல் ரவர் கேட்கிறது என்ன ஞாயம்?" எங்களுக்குள்ள ஒரு பின்னேரம் முழுக்க வாக்குவாதம். கடைசியில பாதிப்பேர் அவர் பக்கம்.

மற்றப் பாதிப்பேரின் வாதம் இது: விலை தெரிஞ்ச கடன்காரனும் விலை தெரியாத கடன்காரனும் ஒன்றில்லை. விலை தெரிஞ்சால் அடுத்த போகத்துக்கு முதல் வேற ஆளிடம் கேட்கலாம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு லொறி பிடிக்கலாம். அதைவிட, எல்லாத்தையும் விலையில வைச்சு நிறுக்கத் தேவையில்லை. 2018 டிசம்பரில இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் வெள்ளத்துக்குள்ள போச்சு. அப்படி ஒரு இரவில, தண்ணி வருது, மாட்டை அவிட்டு விடுங்கோ என்ற ஒரு கோலுக்கு என்ன விலை? பாம்பு கடிச்ச ஆளுக்கு 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுறதுக்கு என்ன விலை? இலக்கம் இலவசம்தான். கூப்பிடச் சிக்னல் வேண்டுமே.

சிக்னல் வந்த இடத்திலயும் இன்னொரு மதில் இருக்கு. கமக்காரர் கேள்வி கேட்க ஒரு உதவி இலக்கத்துக்கு எங்கட ஒரு தோழியின் அம்மா எடுத்தார். மிளகாயில இலைச்சுருள். அவர் குளக்கட்டில நிண்டுதான் எடுத்தார் என்றதை மறக்காதேங்கோ. தமிழுக்கு இந்த எண்ணை அழுத்துங்கோ என்று பதிவு சொன்னது, அழுத்தினார். பாட்டுப் போனது. பிறகு வந்தவர் சிங்களத்தில கதைச்சார், நல்ல பண்பாகத்தான் கதைச்சார், தமிழ் தெரிஞ்சவர் வந்ததும் எடுக்கச் சொல்லுறன் என்றார். எடுத்திருப்பார்கள் போல. ஆனால் அம்மா அதுக்குள்ள கட்டால இறங்கிவிட்டார். "அந்த நேரம் மருந்துக்கடைக்காரன் சொன்னதையே அடிச்சிட்டன்" என்றார். மருந்துக்கடைக்காரர் எதைச் சொல்லுவார் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த அம்மா தனியாகக் குடும்பம் நடத்துகிறவர். வன்னியில கணவன் இல்லாமல் கமம் செய்யும் பெண்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை. கமக்காரர் அமைப்புக் கூட்டம், தண்ணி திறக்கிற நாள், உரமானியப் பட்டியல் எல்லாம் இப்ப வட்ஸ்அப் குழுவில வருது. ஆண்கள் சந்தியில நிண்டு, கட்டில நிண்டு, தவறணை வாசலில நிண்டு பார்த்துவிடுவார்கள். பொழுதுபட்ட பிறகு ஒரு பெண் தனியாகக் குளக்கட்டுக்குப் போய் மெசேச் பார்க்க ஏலுமோ? போனாலும் ஊர்வாய் விடுமோ? வங்காளதேசத்தில 1997இல் கிராமீன் போன் தொடங்கினபோது, கடனில கைபேசி கொடுத்து ஊருக்கெல்லாம் கோல் விற்க வைத்தது பெண்களிடம்தான். போன் இருக்கிற வீடு பெண்ணின் வீடு என்றால் மற்றப் பெண்கள் தயங்காமல் வருவார்கள் என்றதையும் யோசிச்சிருந்தார்கள். எங்கட திட்டங்களில அந்த அளவு யோசனையைக் காணக் கிடைக்கவில்லை.

ஆகவே நாங்கள் என்ன கேட்கிறம்? ரவர் எண்ணிக்கையைக் கேட்கவில்லை. சேவையை வயலில அளக்கச் சொல்லிக் கேட்கிறம். கமநல சேவை நிலையத்திடம் ஒவ்வொரு குளத்தின் கீழும் எத்தனை ஏக்கர் என்ற கணக்கு இருக்கு. அந்த ஏக்கரில எத்தனையில ஒரு சாதாரண பட்டன் போனில கோல் எடுக்க முடியும் என்று அளந்து வெளியிட வேண்டும். டேற்றா வேகம் பிறகு வரட்டும், முதலில குரல். மின்சாரம் போனால் எத்தனை மணித்தியாலம் அந்த ரவர் உயிரோடு இருக்கும் என்றதையும் சொல்ல வேண்டும். 2022இல பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு வந்த நேரம் ரவரும் சேர்ந்து படுத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வெள்ளம், புயல் என்றால் முதலில போறது மின்சாரம்தானே, அப்பதானே போன் தேவை.

காசு எங்க என்று கேட்பார்கள். அதுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு. 2000களின் தொடக்கத்தில, வெளிநாட்டில இருந்து இலங்கைக்கு வரும் அழைப்புகளுக்கு ஒரு விசேட கட்டணம் விதிச்சார்கள். 2004ஆம் ஆண்டு நிதிச் சட்டத்திலும் அது இருக்கு. கிராமங்களில வலையமைப்பை விரிக்கிறதுக்கு அதில ஒரு பங்கு என்பது அதற்குச் சொன்ன காரணங்களில ஒன்று. அந்தக் காலத்தில வெளிநாட்டில இருந்து இங்க கோல் எடுத்தது யார்? ரொறன்ரோவில, லண்டனில, பாரிசில கார்ட் வாங்கி, சுரண்டி, இலக்கம் அடிச்சு அம்மாவோடு கதைச்ச எங்கட ஆட்கள். மத்திய கிழக்கில வீட்டுவேலை செய்த எல்லாச் சமூகத்துப் பெண்கள். அவர்களின் ஒவ்வொரு நிமிசத்திலும் ஒரு துளி இந்தக் குளக்கட்டுகளுக்காக எடுக்கப்பட்டிருக்கு. அதில எவ்வளவு எந்த மாவட்டத்துக்குப் போனது என்று கேட்கிறது பிச்சை கேட்கிறது இல்லை, வரவு செலவு கேட்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில அதைக் கேட்க வழி இருக்கு. தமிழில எழுதிக் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் மூன்று கேள்வியோடு விண்ணப்பம் எழுதத் தொடங்கியிருக்கிறம்: மாவட்ட வாரியாக அந்தக் கட்டணத்தால வந்த காசின் செலவு, வடக்குக் கிழக்கில கிராமிய விரிவாக்கத்துக்குத் தெரிவான கிராம அலுவலர் பிரிவுகள், தெரிவுக்குப் பாவிச்ச அளவுகோல். உங்கட ஊரில எங்க கோல் போகாது என்று எழுதி அனுப்பினால் அதையும் சேர்ப்பம். குளத்தின் பெயர், கட்டில எத்தனை கட்டம், வயலில எத்தனை கட்டம், எந்தக் கம்பனிச் சிம். அவ்வளவு போதும். ஊர்க் கமக்காரர் அமைப்பின் கடிதத் தலைப்பில வந்தால் இன்னும் நல்லம்.

நண்பனின் அப்பாவுக்கு இந்தக் கட்டுரையை வாசிச்சுக் காட்டினம், ஐந்தரை மணிக்குத்தான். அமெரிக்க முட்கம்பிக் கதையில நிப்பாட்டி, "எந்தக் கம்பி, பன்னிரண்டாம் நம்பரோ?" என்று கேட்டார். பிறகு வேலியில கோல் எடுக்கிறது எப்பிடி என்று விளங்கப்படுத்தத் தொடங்கினம். பாதியில லைன் அறுந்துபோச்சு. திருப்பி எடுத்தால் பாவனையில் இல்லை என்று சொல்லுது. பொழுதுபட்டிருக்கும், கட்டால இறங்கியிருப்பார். மிச்சத்தை நாளைக்குச் சொல்ல வேண்டும்.